விடியலுக்கு ஒரு அடி

அரசாங்க ஏட்டில் அந்தக் கப்பலுக்கு ‘விண்ணளந்த பெருமாட்சிக் கலம்’ என்று பெயர். பெயர் சூட்டும் குழு ஒன்று தேநீரும் முந்திரியுமாகப் பல மாதம் உட்கார்ந்து பெற்றெடுத்த பிள்ளை அது. ஏறிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தூத்துக்குடிக்காரர்கள். அவர்கள் முதல் நாளே அதைத் ‘தோணி’ ஆக்கிவிட்டார்கள். குலசேகரப்பட்டினத்தில் கிளம்பிய தோணி, புதுக்கொற்கை என்று இப்போதைக்குப் பெயர் வைத்திருக்கிற ஒரு கோளை நோக்கி, அவசரமில்லாத மாடு மாதிரி நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர ஒரு மனித ஆயுளில் பாதி ஆகும். அதனால் எல்லோரும் தூங்கினார்கள். முறை வைத்து நாலைந்து பேர் மட்டும் விழித்திருந்தார்கள்.

அந்த நாலைந்து பேரில் ஒருவன் இன்னாசி மச்சாது. அவன் வேலை மணி அடிப்பது.

கடலில் ஓடுகிற கப்பலுக்கு மணி எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். காவல் மாறுகிற நேரத்தைச் சொல்லும். மூடுபனியில் ‘நான் இங்கே இருக்கிறேன், மேலே வந்து ஏறிவிடாதே’ என்று சொல்லும். தீப்பிடித்தால் கத்தும். கப்பலில் குழந்தை பிறந்தால் அதே மணியை மல்லாத்தித் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெரிய அதிகாரி ஏறினாலும் இறங்கினாலும் அவர் தகுதிக்கு இத்தனை அடி என்று ஒரு கணக்கும் உண்டு. வெட்டவெளியில் மூடுபனி ஏது? காவல் மாற்றத்தைச் சுவரில் இருக்கிற திரை சொல்லிவிடும். ஆகவே தோணியில் மணிக்கு மிஞ்சியது ஒரே வேலை. தூங்குகிறவர்களுக்கு விடியவைப்பது.

தூக்கப் பெட்டிக்குள் உடம்பு உறைந்துவிடும், மனசு உறையாது. அதற்குக் கனவு ஓடிக்கொண்டே இருக்கும். கனவுக்கு நாள் என்று ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் புத்தி பேதலிக்கும். அதனால் மணியைத் தோணியின் நடு விலாச் சட்டத்தில் தொங்கவிட்டு, பெட்டிகளை எல்லாம் அதே விலாவோடு திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். அடி விழுந்தால் அதிர்வு இரும்பு வழியாகப் போய்க் காது எலும்பைத் தொடும். கனவில் ஒரு நாள் விடியும். மாதத்துக்கு ஒரு அடி என்பது டாக்டர்கள் போட்ட கணக்கு. போய் இறங்கும்போது எல்லோருக்கும் ஒரு வருஷம் சொச்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

எல்லோரும் ஒரே ஊரைத்தான் கனவு கண்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே விலா, ஒரே சத்தம். தனித்தனியாகத் தொடங்கிய கனவுகள் மழைத்தண்ணீர் மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கரையாகிவிட்டன. உப்பளம், மாதா கோயில் கோபுரம், மக்ரூன் வேகும் வாசனை, கவிழ்த்துப்போட்ட வள்ளங்கள். காவலுக்கு எழுப்பப்படுவதற்கு முன்னால் இன்னாசியும் அங்கேதான் இருந்தான், மனைவி பிரகாசியோடு. அவன் நினைவில் அது ஒரு நீண்ட மத்தியானம். பனை உச்சியில் சூரியன் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பிரகாசி மீன் கழுவிக்கொண்டிருப்பாள். மணிச்சத்தம் கடல் பக்கமிருந்து வரும். வந்ததும், வெயில் ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டு மறுநாள் காலையாகும்.

கெட்டது ஆணையர் விழித்த பிறகுதான்.

பயணத் தலைமை ஆணையர் விசுவலிங்கம், தன் முறை வந்து எழுந்தவுடன், பழைய கடற்படை மரபுகளைப் படித்துப் பார்த்தார். படித்ததில் ஒன்றே ஒன்று அவர் மனதில் பசைபோல் ஒட்டியது: அதிகாரி வரும்போது மணி. தனக்கு ஒன்பது அடி என்று தானே தீர்மானித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் கட்டுப்பாட்டு அறைக்குள் காலை வைக்கும்போது இன்னாசி ஒன்பது அடிக்க வேண்டும். அங்கே அவருக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. மணி முழங்க வருவார், திரைகளைப் பார்த்து ‘ம்’ என்பார், போய்விடுவார்.

“சார், இது ஒன்பது நாளு,” என்று முதல் வாரத்திலேயே டாக்டர் நஸீமா சொல்லிப் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர், மிரட்டலுக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

“அது கால மணி டாக்டர். இது மரியாதை மணி. ரெண்டும் வேற வேற.”

“தூங்குறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

“சுற்றறிக்கை அனுப்பறேன்.”

அனுப்பவும் செய்தார். ‘மரியாதை நிமித்தம் எழுப்பப்படும் மணியோசையை உறக்கநிலைப் பயணிகள் நாட்கணக்கில் சேர்த்தல் ஆகாது.’ தூக்க அறைக் கதவில் ஒட்டப்பட்டது, வெளிப்பக்கமாக.

இன்னாசி அதை நம்பினான் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒரு அடி அடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு, தினம் ஒன்பது அடி என்பது கைக்கு நன்றாகத்தான் இருந்தது. படித்த மனிதர் எழுதி ஒட்டியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அந்தக் காலத்தில் தூக்கத்திலிருந்து எவரையும் எழுப்ப வேண்டி வரவில்லை. ஆகவே சுற்றறிக்கை தவறென்று சொல்லவும் ஆள் இல்லை.

பிறகு எந்திரம் பார்க்கிற ஆள் ஒருவனின் முறை முடிந்தது. அவனுக்குப் பதிலாகச் சூசையை எழுப்பினார்கள். இன்னாசியின் தெருக்காரப் பையன், கல்யாணம் ஆகாதவன், ஏறும்போது மீசையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவன். கையில் தேநீரோடு இன்னாசி மருத்துவ அறைக்குப் போனான். பெட்டி ஓரத்தில் அதே பையன்தான் உட்கார்ந்திருந்தான். கண் மட்டும் வேறு யாருடையதோ.

“நீங்க இன்னாசி அண்ணன்தான?”

“என்னலே இப்படிக் கேக்க? ஒண்ணரை வருஷத்துல மூஞ்சி மறந்துட்டா?”

“ஒண்ணரையா?” சூசை அவனை வெறித்துப் பார்த்தான். “நீங்க கடலுக்குப் போயி பன்னெண்டு வருஷம் ஆச்சுண்ணே. உங்களுக்கு ஊரே அழுது முடிச்சிட்டு.”

கனவில் யாராவது எழுப்பப்பட்டால், ஊரில் இருக்கிறவர்களுக்கு அவர் கடலுக்குப் போனதாகத் தோன்றும். அது இன்னாசிக்குத் தெரியும். ஒரு நாள் போய் மறுநாள் வருவதுபோல என்றுதான் நினைத்திருந்தான்.

சூசை நஸீமாவின் பக்கம் திரும்பினான். “டாக்டரம்மா, எம்பிள்ளைக ரெண்டும் எந்தப் பெட்டியில இருக்கு? சின்னவளுக்கு இருட்டுன்னா பயம்.”

நஸீமா அவன் நாடியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. கனவில் பிறந்த பிள்ளைகளுக்கு எந்தப் பெட்டியும் கிடையாது. சூசைக்கு அது மெல்லப் புரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு தேநீரை வாங்கினான், குடிக்காமல் வைத்துக்கொண்டான்.

பிறகு இன்னாசியின் பக்கம் திரும்பினான். “அண்ணே, ஒண்ணு சொல்லணும். மதினிக்குக் கல்யாணம்.”

“எந்த மதினிக்கு?”

“பிரகாசி மதினிக்குத்தான். ஐஸ் கம்பெனி கஸ்பார் அண்ணன் இருக்காருல்ல, அவருக்கும் மதினிக்கும். கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. ‘இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவுக சொல்லலாம்’னு சாமியார் கேப்பாரு. யாரு சொல்லப் போறா? வாசிச்ச கையோட தாலி கட்டு.”

கஸ்பாரை இன்னாசிக்குத் தெரியும். பொறுமையான மனிதர். மூன்றாவது வரிசைப் பெட்டியில் தூங்குகிறார். கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

“அவ என்ன செஞ்சிட்டிருந்தா? கடைசியா நீ பாக்கும்போது?”

“சனிக்கிழமை சாயங்காலம். உங்க நீலச் சட்டை ஆணியில தொங்குமில்ல, அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாவ. ‘மதினி’ன்னு கூப்பிட வாயைத் தொறந்தேன். பாத்தா டாக்டரம்மா மூஞ்சி.”

இன்னாசி மணி இருக்கிற இடத்துக்குப் போனான். கயிற்றைப் பிடித்தான். பின்னாலேயே வந்த நஸீமா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன பண்ணப் போறிய?”

“நான் உசிரோடதான் இருக்கேன்னு சொல்லணும் டாக்டரம்மா. அவ தோணிக்காரன் மக. மூடுபனியில அடிக்கிற மாதிரி அடிச்சா அவளுக்குப் புரியும். இங்க ஒரு ஆள் இருக்கான்னு புரியும்.”

“மூடுபனிக்கு எப்படி அடிப்பாங்க?”

“விடாம அடிக்கணும். படபடன்னு.”

“அண்ணே, ஒரு அடிக்கு ஒரு நாள். நீங்க கூப்பிடக் கூப்பிட அங்க நாள் ஓடும். நீங்க ‘இருக்கேன்’னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கும்.”

கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இப்படி ஒரு தொண்டை வாய்த்திருக்காது. கூப்பிட்டால் தூரம் கூடுகிற தொண்டை.

ஒரே ஒரு நல்ல விஷயம், ஆணையருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. பயணத்தில் பாதி முடிந்ததற்கான விழா மறுநாள். உரைக்காகக் குரலைச் சேமிக்கவென்று அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதனால் மணியும் இல்லை. பிரகாசியின் சனிக்கிழமை சாயங்காலம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் விழாவுக்கு நூற்றியோரு அடி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்.

சூசையையும் சேர்த்து மூன்று பேரும் அவர் அறைக்குப் போனார்கள். விசுவலிங்கம் வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பொன்னாடை. அதைத் தனக்குத் தானே போர்த்திக்கொண்டாரா, ஒத்திகையா என்று தெரியவில்லை.

இன்னாசி விஷயத்தைச் சொன்னான். ஆணையர் கொப்பளித்ததைத் துப்பிவிட்டு, கருணை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த ஒரு முகபாவத்தோடு கேட்டார்.

“உங்க மனவருத்தம் புரியுதுப்பா. ஆனா கனவுல நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் நிர்வாகம் தலையிட முடியாது. முன்னுதாரணம் ஆயிடும்.”

“நூத்தியோரு அடி மட்டும் வேண்டாங்கய்யா.”

“அது எனக்காகவா? வகிக்கிற பதவிக்காக. நாளைக்குச் சரித்திரம் என்ன சொல்லும்?”

சூசை அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். “இவரு யாருண்ணே?” என்றான்.

“ஆணையர்லே.”

“என்ன ஆணையரு?”

“விசுவலிங்கம் சார். பயணத் தலைமை ஆணையர்.”

“ஓ,” என்றான் சூசை. மறந்துபோன ஏதோ ஒன்றைத் தேடி எடுக்கிற முகம். “ஆமா, அந்தப் பேர்ல எங்க ஊர்ல ஒரு சந்து இருந்துச்சு. அப்புறம் ஐஸ் கம்பெனிச் சந்துன்னு மாத்திட்டாவ. நடுவுல ரெண்டு தேர்தலும் வந்துட்டுப் போயிட்டே. இப்ப எங்க ஆணையரு ஒரு டீச்சரம்மா. நல்லாத்தான் பாக்காவ.”

ஆணையர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தேர்தலா? என் பதவிக்காலம் தரையிறங்கற வரைக்கும்.”

“அது நீங்க முழிச்சிருக்கிற கணக்குல,” என்றார் நஸீமா. குரலில் ஒரு பொட்டு சிரிப்புக்கூட இல்லை. “அவங்களுக்குத் தினம் ஒன்பது நாள் போகுது சார். நாளைக்கு நூத்தியொண்ணு. இறங்கும்போது உங்களை ஞாபகம் வச்சிருக்கிற ஒரு ஆளு மிஞ்சுறது கஷ்டம். உங்க பதவியை உங்க மரியாதை மணியே தின்னுக்கிட்டு இருக்கு.”

பிரகாசியின் பன்னிரண்டு வருஷத்துக்கு அசையாத மனிதர் இதற்கு எழுந்து நின்றார். தொண்டைக்கட்டு உடனே சரியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் அடுத்த சுற்றறிக்கை வந்தது: ‘மறு உத்தரவு வரும் வரை விடியல் நிறுத்தி வைக்கப்படுகிறது.’ அதோடு நிற்கவில்லை. தன் கையாலேயே பொன்னாடையை மணியின் நாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். விழா ரத்தானது. அன்றிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குக் காலுறையோடு, சத்தம் வராமல், பால் குடிக்கப் போகிற பூனைபோல் வந்துபோனார்.

இன்னாசிக்குச் சந்தோஷம். சாமியார் மூன்றாவது ஓலையை வாசிக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடியாது. பிரகாசி அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்திலேயே இருப்பாள், அவனுடைய சட்டை மடியில் இருக்க, அவனுடைய மனைவியாகவே. காவல் முறை முடிய இன்னும் பத்து மாதம். முடிந்ததும் அவளை எழுப்புவார்கள், அவன் இடத்துக்கு. தம்பதிகள் இருவரையும் ஒரே நேரத்தில் விழிக்கவைத்தால் சாப்பாட்டுச் செலவு கூடும் என்று விதி; அதைப் போட்டது பிரம்மச்சாரிகள் உட்கார்ந்த குழுவாக இருக்க வேண்டும். ஆனாலும் கைமாற்றுகிறபோது சேர்ந்து ஒருவேளைச் சாப்பிடலாம் என்று மனமிரங்கியிருந்தார்கள். அந்த ஒருவேளையில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எண்ணினான்.

சில நாள் நன்றாகச் சாப்பிட்டான். பாட்டுக்கூடப் பாடினான். பிறகு ஒருநாள் நஸீமா அவன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“மணியை ஏன் வச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“புத்தி பேதலிக்கும்னு சொன்னாங்க.”

“எப்படிப் பேதலிச்சதுன்னு சொல்லல இல்லியா? முதல்ல ஒரு கப்பல் போச்சு, மணி இல்லாம. அதுல ஒரு பொம்பளை. கனவுல கை கழுவிட்டிருந்திருக்காங்க. அடுத்த நாள் வரவே இல்ல. அதே தண்ணி, அதே சோப்பு. எழுப்பி வீட்டுக்கு அனுப்புன பிறகும் கழுவிட்டேதான் இருந்தாங்க. தோல் உரிஞ்சிபோச்சு. நாள் மெதுவாப் போனாத் தாங்கும். நின்னுட்டா, எந்த நினைப்புல நின்னுச்சோ அதுலயே மனசு உறைஞ்சிரும்.”

இன்னாசி கையில் எடுத்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தான்.

மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. சூசை சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. அழுதுட்டிருந்தாவ.

எழுந்து தூக்க அறைக்குப் போனான். பிரகாசியின் பெட்டிக் கண்ணாடியில் மெல்லிய பனி படிந்திருந்தது. விரலால் துடைத்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஏறும்போது இருந்த அதே முகம், நெற்றியில் அதே சின்னத் தழும்பு. உள்ளே எங்கேயோ, சாயங்கால வெளிச்சம் நின்றுபோன ஒரு வீட்டில், அவள் அழுதுகொண்டே இருந்தாள். பத்து மாதமும் அழுவாள். ஒரு நாளின் அழுகை, முடிவதற்கு ஒரு இரவு கிடைக்காத அழுகை. அவன் இவ்வளவு நாளும் அதைத் தனக்குக் கிடைத்த பரிசாக வைத்துக்கொண்டிருந்தான்.

மணிக்குக் கீழே வந்தான். பொன்னாடையின் முடிச்சு நகத்துக்கு அகப்படவில்லை, பல்லால் அவிழ்த்தான். ஜரிகை நாக்கில் கசந்தது. சாமியார் கேட்கப்போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அந்தத் தடை இங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது சொல்வதற்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு அடி. அடித்தால் ‘தடை இல்லை’ என்றுதான் அர்த்தம்.

அடித்தான்.

சத்தம் தோணியின் முதுகெலும்பில் இறங்கி, விலா விலாவாகப் பரவி, தூங்குகிறவர்களின் காதெலும்பு ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. அப்புறம் ஒரு அமைதி, அலை பின்வாங்கிய மணல்போல.

காலுறையோடு ஓடிவந்து வழுக்கி, கதவைப் பிடித்து நின்றார் ஆணையர். “யாருக்கு அடிச்சே? யார் வந்தா?”

“யாரும் வரலீங்கய்யா. விடிஞ்சிருக்கு.”

“உத்தரவை மீறிட்டே!”

“மாசம் ஒண்ணு. டாக்டருங்க போட்ட பழைய கணக்கு. அதுப்படி அடிச்சா உங்க பதவிக்காலமும் தரையிறங்குற வரைக்கும் தாங்கும். இதுக்கு மேல யாருக்கும் ஒரு அடி கிடையாது, உங்களுக்கும் சேத்துத்தான்.”

ஆணையர் மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு தரையில் கிடந்த பொன்னாடையை எடுத்தார். பல் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். “இதை நீ சலவை பண்ணித் தரணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். சரித்திரம் அதோடு அவரை விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு அடி. முதல் இரண்டு மாதம் அடி சரியாக விழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பிரகாசி வேறொருவர் வீட்டில் கண் விழிக்கிறாள். சன்னலைத் திறப்பாள். அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த வெளிச்சத்தை அனுப்புகிறவன் இவன். சில நாள் இன்னாசிக்கு, கயிற்றின் மறுமுனை இரும்பில் கட்டப்படவில்லை என்று தோன்றும். அது எங்கோ கடலுக்குள் இறங்கி, ஒரு சூரியனின் கழுத்தில் கட்டியிருக்கிறது, இழுத்தால் மெல்ல மேலே வருகிறது என்று தோன்றும். மூன்றாவது மாதத்திலிருந்து அடி சீராக விழுந்தது. அவள் விடியல் கோணலாக இருக்கக்கூடாது என்று கவனமாக அடித்தான்.

பத்து மாதம் முடிந்தது. பிரகாசியை எழுப்பினார்கள்.

மேசையில் இரண்டு தட்டு. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். ஏறும்போது இருந்த அதே பிரகாசி. பார்வை மட்டும் வீடு மாறிப்போன ஒருத்தி பழைய வீட்டைப் பார்ப்பதுபோல இருந்தது.

“உங்களுக்கு வருஷா வருஷம் பூசை வச்சேன்,” என்றாள்.

“வந்து சேரல.”

“கிண்டல் போகல இன்னும்.” சிரித்தாள்; சிரிப்பு பாதியில் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எல்லாம் டாக்டரம்மா சொன்னாவ. கனவாம். எனக்கு அப்படி இல்ல. சொல்லிட்டேன்.”

“எனக்கும் இல்ல.”

“பத்து நாளு அவருகூட இருந்தேன். நாளுதான் பத்து. ஒவ்வொண்ணும் எம்புட்டு நீளம் தெரியுமா? ஒரு காலையில காப்பி குடிச்சு முடிக்கவே நூறு கதை பேசலாம்.”

“நல்லா வச்சுக்கிட்டாரா?”

“உங்கள மாதிரி கொறட்டை விடமாட்டாரு.” அவள் அவன் தட்டைப் பார்த்தாள். “சாப்பிடுங்க. ஏன் இப்படி எலும்பா இருக்கிய?”

இருவரும் கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு குறைவு. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

“கல்யாணத்தன்னைக்கு,” என்றாள் பிரகாசி. “முந்தின நாள் சாயங்காலம் அழுதழுது ஓயவே இல்ல. இனி விடியவே விடியாதுன்னு நெனச்சேன். அப்ப மணி கேட்டுச்சு. ஒரே அடி. எல்லாம் லேசாப்போச்சு.” தலை நிமிர்ந்தாள். “அது நீங்கதான?”

இன்னாசி தண்ணீரை எடுத்துக் குடித்தான். மெதுவாகக் குடித்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு உரசிக் காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.

நஸீமா கதவருகே வந்து நின்றார். நேரமாகிவிட்டது.

இன்னாசி தன் பெட்டிக்குள் படுத்தான். தூக்கம் கீழே இறங்கியது. அப்புறம் வெயில்.

கையில் செருப்போடு இன்னாசி கடற்கரையில் நின்றிருந்தான். கவிழ்த்துப்போட்ட வள்ளம் ஒன்றின் மேல், கோயிலுக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்டையோடு, ஒருவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கஸ்பார். இன்னாசியைக் கண்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“நீரு இன்னாசியா?”

“ஆமா.”

“செத்துட்டீருன்னு சொன்னாவளே.”

“கேள்விப்பட்டேன்.”

கஸ்பார் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். சண்டை போடலாமா என்று யோசித்த மாதிரியும் இருந்தது. பிறகு நகர்ந்து இடம் விட்டார். “உக்காரும்.”

உட்கார்ந்தான். பனை உச்சியில் சூரியன் அசையாமல் இருந்தது.

“பிரகாசி நேத்துக் கடலுக்குப் போயிட்டா,” என்றார் கஸ்பார். “பாத்தீரா?”

“பாத்தேன். சேந்து சாப்பிட்டோம்.”

“என்ன சொன்னா?”

“உம்மைப் பத்தித்தான் பேசிட்டிருந்தா.”

“இருக்கும்,” என்றார் கஸ்பார். மணலைக் காலால் கிண்டினார். “எங்கூட இருந்த பத்து நாளும் உம்மைப் பத்தித்தான் பேசுனா. உம்ம கொறட்டை, உம்ம நீலச் சட்டை. ஒரு நாள்கூட விடல. எனக்கே நீரு சொந்தக்காரர் மாதிரி ஆயிட்டீரு.”

அலை வந்தது, போகவில்லை. கரையிலேயே சிந்தனையாக நின்றது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. பசியும் இல்லை, அலுப்பும் இல்லை. ஒருவர் பேச ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசியது எல்லாம் ஒருத்தியைப் பற்றி.

கடல் பக்கமிருந்து மணி கேட்டது. ஒரு அடி, ஆனால் நாக்கு இன்னொரு முறையும் லேசாக உரசிவிட்டது. கிழக்கே சூரியன் பாதி எழும்பி, தயங்கி, ஒரு அடி பின்வாங்கி, திரும்ப வந்தது. காகங்கள் இரண்டு தடவை எழுந்தன. கோயிலுக்குக் கிளம்பிய கிழவர் ஒருவர், கிளம்பிவிட்டோமா இல்லையா என்று குழம்பித் தெருவில் நின்றார்.

“இதென்ன கூத்து?” என்று பதறி எழுந்தார் கஸ்பார். “ஒரே நாளு ரெண்டு தடவையா விடியும்?”

இன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில், அல்லது இரண்டு வருஷம் சொச்சத்தில், எந்தக் கணக்கு வைத்தாலும், அவன் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. “கை பழகல,” என்றான்.

கஸ்பார் அவனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். சத்தம் வந்த திசையையே வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

“அவளா?”

“அவதான்.”

கஸ்பார் மறுபடி உட்கார்ந்தார், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக.

“பழகட்டும்,” என்றார். “நாம எங்க போகப் போறோம்?”